கூடாத கட்டி இல்லையென்றால் ஏன் வெட்ட வேண்டும்?

ஆசிரியர் அவர்கட்கு,

நெஞ்சுக்குள் இருந்து பெரிய கட்டி அகற்றப்பட்டது என்று எப்போதாவது செய்தி வரும். அதில் இரண்டு இலக்கங்கள் தவறாமல் இருக்கும்: கட்டி எத்தனை கிலோ, சத்திரசிகிச்சை எத்தனை மணித்தியாலம். வாசிப்பவருக்கு வியப்புத்தான் மிஞ்சும். கிளினிக் கதிரையில் இருப்பவர் கேட்பதோ வேறு: "கூடாத கட்டி இல்லையெண்டு சொல்றீங்க, அப்ப என்னத்துக்கு வெட்டுறது? கத்தி வைச்சா பரவாதா?" கூடாத கட்டி என்று அவர் சொல்வது புற்றுநோயை. நியாயமான கேள்வி. நெஞ்சறைக்குள் அரிதாக வரும் ஒரு கட்டியை மட்டும் எடுத்து இதற்குப் பதில் எழுதுகிறோம். அதன் பெயர் தனித்த நார்க்கட்டி. றிப்போட்டில் 'சொலிற்றரி ஃபைப்ரஸ் ரியூமர்' என்று இருக்கும்.

சுவாசப்பையை இரட்டைச் சவ்வு போர்த்தியிருக்கிறது. உள்சவ்வு சுவாசப்பையோடும் வெளிச்சவ்வு விலா எலும்போடும் ஒட்டியிருக்கும். இடையில் உராய்வு வராமல் இருக்க சில தேக்கரண்டி திரவம். புளூரா எனப்படும் இந்தச் சவ்வுக்கு அடியிலுள்ள நார் இழையத்தில் இருந்துதான் இக்கட்டி முளைக்கிறது. பெரும்பாலும், பத்தில் எட்டு, உள்சவ்வில் இருந்து வரும். பல கட்டிகள் காம்பில் தொங்கும் மாங்காய் போல ஒரு தண்டில் தொங்கும். புளூராவில் வரும் கட்டிகளில் இவை 5 வீதத்துக்கும் குறைவு. ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஐம்பது வயதுக்கு மேல்தான் அதிகம். புகைத்தலுக்கோ அஸ்பெஸ்ரஸ் கூரைத்தகட்டுக்கோ இதில் பங்கில்லை.

அஸ்பெஸ்ரசை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. முன்னர் இதை 'தீங்கற்ற மீசோதீலியோமா' என்று எழுதுவார்கள். அஸ்பெஸ்ரசால் வரும் மீசோதீலியோமா கொடிய புற்றுநோய். 1931 இல் கிளெம்பரர், ரபின் என்ற நோயியலாளர்கள் இரண்டையும் பிரித்துக் காட்டிய பின்னரும் பழைய பெயர் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய றிப்போட்டில் அந்தச் சொல்லைக் கண்டு இணையத்தில் தேடுபவர் அன்றிரவு தூங்கமாட்டார். பெயரை வைத்து முடிவெடுக்காமல், எந்தக் கட்டி என்று வைத்தியரிடம் கேட்பதே சரி.

பாதிக்கு மேற்பட்டோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்றேயில் அகப்படும். நமது பக்கத்தில் அந்த 'வேறு எதற்கோ' பெரும்பாலும் வெளிநாடு போகும் மெடிக்கல்தான். கட்டார், சவூதி, குவைத் என்று புறப்பட்டவரின் நெஞ்சுப்படத்தில் வட்ட நிழல் தெரிந்தால் 'அன்ஃபிட்' என்று திருப்பிவிடுவார்கள். அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு செஸ்ட் கிளினிக்குக்கு வராமல், வேறு இடத்தில் மெடிக்கல் செய்து 'ஃபிட்' எடுக்க அலைவதில்தான் பலருக்குக் காலம் போகிறது. நிழல் எத்தனை இடத்தில் படம் எடுத்தாலும் அங்கேதான் இருக்கும்.

எக்ஸ்றே நிழலைக் காசநோய் என்று எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. காசநோய் நம்மிடையே இன்னும் இருக்கிறது, சந்தேகப்பட வேண்டியதும் சரியே. ஆனால் சந்தேகம் வேறு, சளியில் கிருமியைக் காண்பது வேறு. சளியைச் சாயமிட்டுப் பார்ப்பது, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட், வளர்ப்புச் சோதனை என்று மூன்று வழி உண்டு. கடைசியானதற்கு எட்டு வாரம் வரை எடுக்கும். ஒருவருக்கு இவற்றில் ஒன்றிலும் கிருமி இல்லை என்று வைப்போம். காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு எதுவும் இல்லை. நிழலின் ஓரமோ வட்டாரி வைத்துக் கீறியது போலத் தெளிவு. இப்படிப்பட்டவருக்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து என்று ஆறு மாதத்தை ஓட்டிவிட்டு, 'நிழல் குறையவில்லை' என்று ஏழாம் மாதம் ஸ்கானுக்கு அனுப்புவதில் நன்மை எதுவுமில்லை. மருந்தால் ஈரல் பாதிக்கப்படலாம், கட்டியும் அதற்குள் வளர்ந்திருக்கும். மருந்து தொடங்கச் சொன்னால், "சளியில் கிருமி கண்டீங்களா, டொக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. அதற்காகத் தொடங்கிய மருந்தைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. அது இதைவிடப் பெரிய பிழை.

மற்றொரு பிழை, நிழலைத் தண்ணீர் என்று நினைத்து ஊசி போடுவது. நெஞ்சின் ஒரு பக்கம் முழுவதும் வெள்ளையாகத் தெரியும் படத்தில் மூச்சுக்குழாயைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பக்கத்துக்கு எதிராகத் தள்ளப்பட்டிருந்தால் உள்ளே தண்ணீரோ கட்டியோ இருக்கிறது. வெள்ளைப் பக்கமாக இழுபட்டிருந்தால் சுவாசப்பை சுருங்கிப்போயிருக்கிறது. தண்ணீரா கட்டியா என்பதை அல்ட்ராசவுண்ட் சில நிமிடத்தில் சொல்லிவிடும்: தண்ணீர் கறுப்பாகவும் கட்டி சாம்பல் நிறத்திலும் தெரியும். ஸ்கான் பார்க்காமல் ஊசி ஏற்றி, தண்ணீர் வராமல், இன்னும் ஆழமாக ஏற்றினால் குருதிக்குழாய் நிறைந்த இந்தக் கட்டியில் குருதி கொட்டும்.

அறிகுறி உள்ளவர்களில் இருமல், நெஞ்சுநோ, ஏறி நடந்தால் மூச்சு வாங்குதல் ஆகியவையே வழக்கம். அவற்றைவிட விசித்திரமான இரண்டு உண்டு. முதலாவது விரல். நக அடி வீங்கி, விரல் நுனி உருண்டு, முழங்காலும் மணிக்கட்டும் நோகும். வாதம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டிலேயே பார்க்கலாம்: இரண்டு கையின் ஒரே விரலை மடக்கி, நகத்தோடு நகம் முதுகுப்பக்கமாகச் சேருங்கள். சாதாரண விரலில் நக அடிகளுக்கு இடையே சிறு டயமன் வடிவ இடைவெளி தெரியும். அது மறைந்திருந்தால் நெஞ்சுப்படம் ஒன்று எடுக்க வேண்டும். ஷம்ரொத் என்ற இதய நோய் வைத்தியர் தனது சொந்த விரலிலேயே கண்டு எழுதிய சோதனை இது. வீங்கிய நகம் என்றாலே கட்டி என்று பயப்படத் தேவையில்லை. பல இதய, சுவாசப்பை நோய்களிலும் அப்படி வரும்.

இரண்டாவது சீனி இறங்குதல். கட்டி பெரிதாகும்போது, சிலரில், இன்சுலினைப் போல வேலை செய்யும் வளர்ச்சிக் காரணி ஒன்றைக் குருதியில் விடுகிறது. இதை 1930 இல் டோகே, பொற்றர் இருவரும் தனித்தனியாக எழுதினர். டோகே-பொற்றர் கூட்டுநோய் என்றே பெயர். இருபதில் ஒருவருக்குத்தான் வரும், ஆனால் வந்தால் வீடே கலங்கும். சீனி வருத்தம் இல்லாத, ஒரு குளிசையும் போடாத மனிதர் விடியப்புறத்தில் வியர்த்துக் குளறுகிறார், ஆட்களை அடையாளம் தெரியவில்லை, சில வேளை வலிப்பும் வருகிறது. வாயில் சீனித்தண்ணீர் போனால் பத்து, பதினைந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காதது போல எழும்பி இருப்பார். இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததால்தான் விடியற்காலையில் வருகிறது. இதைப் பேய்க்கோளாறு என்று கட்டாடியாரிடம் கொண்டுபோகிறவர்களைக் குறைசொல்லி எழுதவில்லை. சடங்குக்குப் போவதற்கு முன் விரலில் குத்திச் சீனி பாருங்கள் என்றுதான் சொல்கிறோம். குளறும் நேரத்தில் சீனி டெசிலீற்றருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்து, சீனி கொடுத்ததும் தெளிந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். சுயநினைவு இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் எடுத்த குருதியில் இன்சுலினும், அதோடு சேர்ந்து சதையி விடும் சி-பெப்ரைட்டும் குறைவாக இருந்தால் சதையியைத் துருவுவதை விட்டு நெஞ்சையும் வயிற்றையும் ஸ்கான் செய்யத் தோன்றும்.

சி.ரி. ஸ்கான், குருதிக்குழாய்களைத் துலக்கிக் காட்டும் மருந்து ஏற்றி எடுக்கப்பட வேண்டும். மருந்து இல்லாத ஸ்கானில் கட்டியின் அளவு தெரியும், அதற்குக் குருதி எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. பெரிய கட்டிக்கு விலாவிடை நாடி, மார்பெலும்புக்குப் பின்னால் ஓடும் நாடி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்தகட்டின் நாடி என்று பல பக்கத்தில் இருந்து வரலாம். பிரிமென்தகட்டில் இருந்து வருவதை அறியாமல் கட்டியைக் கிளப்பினால் கண்ணுக்கு எட்டாத அடியில் குருதி பெருகும். ஆகவேதான் மிகப் பெரிய கட்டிகளில் முதல் நாளோ அன்றைக்கோ தொடைவழியே நுண்குழாய் செலுத்தி அந்த நாடிகளை அடைத்துவிடுவார்கள்.

கட்டி இருக்கும் இடமும் ஒரு சேதி சொல்லும். முள்ளந்தண்டை ஒட்டியிருந்தால் நரம்புக்கட்டியாக இருக்கலாம். அதன் ஒரு பகுதி முள்ளந்தண்டுக்குள் நுழைந்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. பார்க்காமல் தொடக்கூடாது. மார்பெலும்புக்குப் பின்னால் இருந்தால் தைமஸ் கட்டி, முடியும் கொழுப்பும் பல்லும்கூட இருக்கும் ரெரற்றோமா, நிணநீர்க்கட்டி ஆகியவற்றை யோசிக்க வேண்டும். இளம் ஆண்களுக்கு அங்கே கட்டி என்றால் கருக்கலக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் ஏ.எஃப்.பி., பீற்றா எச்.சி.ஜி. என்ற இரு குருதிச் சோதனைகள் கட்டாயம். அவை உயர்ந்திருந்தால் முதல் சிகிச்சை கத்தியே அல்ல, மருந்து.

மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் சோதனையில் இந்தக் கட்டி பெரும்பாலும் பிடி கொடுக்காது. கலங்கள் நாருக்குள் இறுகப் பின்னிக் கிடப்பதால் ஊசியில் ஒன்றும் வராது, 'போதிய கலங்கள் இல்லை' என்று றிப்போட் வரும். அது 'நோய் இல்லை' என்பதல்ல. சிறு துண்டாகவே வெட்டியெடுக்கும் தடித்த ஊசி வேண்டும். ஸ்கானிலேயே எல்லை தெளிவாக, முழுதாக அகற்றக்கூடியதாகத் தெரிந்தால் ஊசிச் சோதனையைத் தவிர்த்து நேரே சத்திரசிகிச்சைக்குப் போவதும் உண்டு. 'சோதிக்காமலே வெட்டினார்கள்' என்று அதைக் குறைசொல்ல முடியாது.

இனி, ஏன் வெட்ட வேண்டும் என்பதற்கு வருவோம். ஊசியில் எடுத்த துண்டை வைத்து இது முழுக்கத் தீங்கற்றது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கட்டியின் ஒரு மூலை சாதுவாகவும் இன்னொரு மூலை வேகமாகப் பெருகுவதாகவும் இருக்கலாம். இக்கட்டிகளில் பத்தில் ஒன்றோ இரண்டோ பிற்காலத்தில் கூடாத கட்டியைப் போல நடக்கின்றன. தவிர, நெஞ்சுக்கூட்டில் இடம் அளவானது. கட்டி வளரும் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் சுவாசப்பையிடம் இருந்து பறிப்பதுதான். சிறிதில் எடுத்தால் துளைவழி முடியும், பெரிதானால் நெஞ்சைத் திறக்க வேண்டும். மருந்தால் கரைக்க வழியில்லை. முழுதாக, சுற்றியுள்ள நல்ல இழையத்தில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றரோடு சேர்த்து எடுப்பதே குணமாக்கும் சிகிச்சை. கத்தி வைத்தால் பரவும் என்ற பயத்திலும் ஒரு துளி உண்மை இருக்கிறது: கட்டியை உடைத்து, துண்டுதுண்டாக இழுத்தால் துளையின் பாதையில் மீண்டும் முளைத்ததுண்டு. அதனால்தான் கமராவழி எடுக்கும்போது கட்டியைப் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டே வெளியே எடுக்கிறார்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன் சுவாசக் கொள்ளளவு, இதய எக்கோ, சீனி, குருதி வகை பார்க்கப்படும். குருதி இரண்டு முதல் நான்கு பை ஒதுக்கி வைக்கப்படும். உறவினரைக் குருதி கொடுக்கக் கேட்பது இதற்குத்தான். புகைத்தலைக் குறைந்தது நான்கு வாரம் முன் நிறுத்த வேண்டும். வெற்றிலை போடுபவர்கள் அதையும் விட்டு வாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். மயக்கத்தில் மூச்சுக்காகப் போடும் குழாய் போவது வாய்வழியே. இதயத்துக்குக் குருதி உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குளோப்பிடோகிறெல் ஐந்து முதல் ஏழு நாளுக்கு முன் நிறுத்தப்படும், ஆனால் இதயத்தில் வளையம் வைத்தவர் தாமாக நிறுத்தக் கூடாது. சீனி இறங்கும் ஆளுக்கு 'இரவு பத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாதே' என்ற வழமையான கட்டளை ஆபத்தானது. அன்றிரவு குளுக்கோஸ் சேலைன் ஓட வேண்டும், ஓரிரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் விரலில் சீனி பார்க்க வேண்டும். வார்ட்டில் தாதியருக்கு அதை நினைவூட்டத் தயங்க வேண்டாம்.

தியேட்டரில் இரட்டைக் குழாய் ஒன்றைப் போட்டு, கட்டியுள்ள பக்கச் சுவாசப்பையின் காற்றை நிறுத்தி, மற்றதால் மட்டும் மூச்சு விடச் செய்வார்கள். ஐந்தாறு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட, தண்டில் தொங்கும் கட்டிக்கு இரண்டு மூன்று துளை போதும். தண்டின் அடியில் சுவாசப்பையின் சிறு ஆப்பைச் சேர்த்து ஸ்ரேப்ளரால் வெட்டித் தைத்துவிடுவார்கள். பெரியதற்கு ஐந்தாம் அல்லது ஆறாம் விலா இடைவெளியில் பக்கவாட்டில் திறக்க வேண்டும். மிகப் பெரியதற்கு ஒரே தோல் வெட்டின் கீழ் இரண்டு விலா இடைவெளிகளைத் திறப்பதுண்டு. வெளிச்சவ்வில் இருந்து வளர்ந்தது விலாவோடு ஒட்டியிருந்தால் சவ்வையும், தேவைப்பட்டால் விலாத்துண்டையும் சேர்த்து எடுப்பார்கள். கட்டியின் அடியில் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த சுவாசப்பையை ஒரேயடியாக ஊதி விரித்தால் அதற்குள் நீர் கசிந்து நுரை தள்ளும். ஆகவே மெல்ல மெல்ல விரிப்பார்கள்.

விழித்தெழும்போது பக்கத்தில் ஒரு குழாயும் கட்டிலடியில் ஒரு போத்தலும் இருக்கும். பார்க்க வருகிற சொந்தக்காரர் பிழை விடுவது இந்தப் போத்தலில்தான். குழாயின் நுனி போத்தல் தண்ணீருக்குள் சுமார் 2 சென்ரிமீற்றர் அமிழ்ந்திருக்கும். காற்று வெளியே போகும், திரும்பி வராது, தண்ணீரே கதவு. மூச்சுக்கு ஏற்ப குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்குவது நல்ல அடையாளம். குமிழி வந்தால் சுவாசப்பையில் இருந்து காற்று கசிகிறது. முதல் ஓரிரு நாள் வரலாம். மலசலகூடம் போகும்போது போத்தலைத் தோளுக்கு மேல் தூக்கினால் தண்ணீர் நெஞ்சுக்குள் போகும். எப்போதும் இடுப்புக்குக் கீழே வைத்துப் பிடிக்க வேண்டும். 'ஊத்தாமல் இருக்கட்டும்' என்று குமிழி வரும் குழாயை மடக்கிப் பிடித்தால் காற்று உள்ளே அடைபட்டு இதயத்தையே தள்ளும். போத்தல் உடைந்தால் நுனியைச் சுத்தமான தண்ணீருக்குள் விட்டுப்பிடித்துத் தாதியைக் கூப்பிட வேண்டும். உடம்பில் இருந்து குழாயே கழன்றால் துளையைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சத்தம் போட வேண்டியதுதான். மணித்தியாலத்துக்கு 200 மில்லிலீற்றருக்கு மேல் குருதி இரண்டு, மூன்று மணித்தியாலம் விடாமல் வந்தால் மீண்டும் தியேட்டர். காற்றுக் கசிவு நின்று, நாளொன்றுக்கு 200 முதல் 300 மில்லிலீற்றருக்குக் கீழ் வந்தால் குழாயை எடுப்பார்கள்.

நோகுது என்று ஆழ மூச்சு விடாமல் இருமாமல் படுத்திருப்பவருக்கு மூன்றாம் நாள் சளிக்காய்ச்சல் வரும். தலையணையை வெட்டில் அணைத்துப் பிடித்து இருமலாம். மூன்று பந்துள்ள மூச்சுக்கருவியை மணித்தியாலத்துக்குப் பத்துத் தடவை உறிஞ்சலாம். மறுநாளே நடக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் கையை உயர்த்திப் பழகாவிட்டால் தோள் இறுகிவிடும். மார்பின் முன்பக்கம் மரத்துப்போன உணர்வும் எரிவும் மாதக்கணக்கில் இருக்கலாம். விலாவிடை நரம்பு நெரிபடுவதால் வருவது, கட்டி மீண்டும் வந்ததால் அல்ல.

எடுத்த கட்டி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். 10 வீத ஃபோமலினில், கட்டியைப் போல பத்து மடங்கு அளவு திரவத்தில், வாய் அகன்ற பாத்திரத்தில் போக வேண்டும். பெரிய கட்டியை முழுதாக அப்படியே விட்டால் திரவம் நடுப்பகுதியை எட்டுமுன் அது அழுகிவிடும். பிறகு கலங்களை எண்ணுவது எப்படி? நோயியலாளர் கலத்திலுள்ள சி.டி.34 என்ற புரதத்தைக் காட்டும் சாயமும், முக்கியமாக ஸ்ராட்6 என்ற புரதத்தைக் காட்டும் சாயமும் போடுவார். 12 ஆம் நிறமூர்த்தத்தில் அருகருகே உள்ள இரண்டு மரபணுக்கள் பிழையாக ஒட்டிக்கொள்வதே இக்கட்டிக்கு மூலம் என்று 2013 இல் தெரியவந்தது. ஸ்ராட்6 கலத்தின் கருவுக்குள் சாயம் பிடித்தால் பெயர் உறுதி. றிப்போட் கையில் வந்ததும் 'தீங்கற்றது' என்ற சொல்லோடு மூடிவிடாமல் நான்கு விடயங்களைத் தேடுங்கள்: அளவு, நுணுக்குக்காட்டியின் பத்துக் காட்சிப்புலத்தில் எத்தனை கலப்பிரிவு, இறந்த இழையம் உண்டா, வெட்டு ஓரத்தில் கட்டி எஞ்சியதா. கலப்பிரிவு நான்கு அல்லது அதற்கு மேல் என்றாலோ, கட்டி 10 சென்ரிமீற்றரைத் தாண்டினாலோ, ஓரம் சுத்தமில்லை என்றாலோ அடுத்த கிளினிக் திகதியைத் தவறவிடக் கூடாது.

மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து வெலிசறையில் உள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ கடிதம் கொடுத்தால், ஸ்கானின் சி.டி. தட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஃபோனில் பிடித்த படத்தில் நாடிகள் தெரியாது. பழைய எக்ஸ்றேக்கள் அதைவிடப் பெறுமதி: ஐந்து வருடத்துக்கு முந்திய படத்திலும் அதே நிழல் சிறிதாக இருந்தால் எவ்வளவு வேகத்தில் வளர்ந்தது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அகற்றிய பின்னரும் முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு தரமும் பிறகு வருடம் ஒரு தரமும் ஸ்கான் வழக்கம். பத்து, பதினைந்து வருடத்துக்குப் பின் மீண்டும் வந்த கட்டிகள் உண்டு. கண்டால் மீண்டும் வெட்டிக் குணப்படுத்தவும் முடியும். சீனி மீண்டும் இறங்கினாலோ விரல் மீண்டும் வீங்கினாலோ அடுத்த திகதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. படங்களையும் றிப்போட்டையும் கிளினிக் புத்தகத்தையும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, மார்கழி வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஈரம் பட்ட எக்ஸ்றே ஒன்றோடொன்று ஒட்டினால் பிரிக்கும்போது படமும் உரிந்துவிடும்.

இப்படிக்கு,
நெஞ்சுச் சத்திரசிகிச்சைப் பணியில் உள்ள இருவர்,
மட்டக்களப்பு.